கடைமடைக்குப் போகாத மருந்து

போன வருஷம் கார்த்திகை மாதம் சித்தப்பா மகன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். சிறுநீரகத்தில் விழுந்த தழும்பை நானோ துகள் மருந்து சரிசெய்கிறது, எலிகளிடம் வெற்றி என்று தலைப்பு. அன்றைக்கு ராத்திரியே சித்தப்பாவிடமிருந்து ஃபோன். "தம்பி ஒண்ணு அனுப்பிச்சானே, பாத்தியா பாப்பா? அது எப்ப வரும்?" என்று கேட்டார். "இப்பதான் எலிக்குப் போட்டுப் பாக்குறாங்க சித்தப்பா. நமக்கு வர நாளாகும்" என்றேன். "சரிம்மா, நாளானா ஆகட்டும்" என்றவர் சம்பா பயிருக்கு மழை பற்றவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் எலிக்குக் கேட்கிற மருந்து மனிதனுக்கு வர ஏன் நாளாகும் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பதினோரு வருஷமாகச் சிறுநீரகத் திசுவைக் கையில் தொட்டு வேலை செய்கிறவள் நான். அந்த "சரிம்மா" பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியன். பயாப்ஸி என்று எடுத்து அனுப்புகிற சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. சிறுநீரக பயாப்ஸி சேமியாத் துண்டு மாதிரி இருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதை 2 மைக்ரான், 3 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். சீவல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ரிப்பன் மாதிரி வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரிந்து கொடுக்கும், அப்போது கண்ணாடியால் ஏந்தி எடுத்துக்கொள்வோம். மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டிய வேலை. அப்புறம் சாயம். ட்ரைக்ரோம் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு தொட்டியாக முக்கிக்கொண்டு போய்க் கடைசியில் அனிலின் ப்ளூவில் முக்கி எடுத்தால், செல்கள் சிவப்பாகவும் கொலாஜன் என்கிற நார் நீலமாகவும் நிற்கும். நல்ல சிறுநீரகத்தில் நீலம் கோலப்பொடி இழை மாதிரி மெல்லிசாக ஓடும். கெட்டுப்போன சிறுநீரகத்தில் குளம் கட்டி நிற்கும்.

சித்தப்பாவுக்கு 57 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் நிலம். பதினாறு வயதில் வயலில் இறங்கியவர். சர்க்கரை கிடையாது, பிரஷர் லேசாக உண்டு. வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.3 என்று கூடுதலாக வந்தது. சிறுநீரில் புரதமும் பெரிதாகப் போகவில்லை. காரணம் பிடிபடாததால் பயாப்ஸி எடுக்கலாம் என்றார் டாக்டர். நான் வேலை பார்க்கும் இடத்துக்கே கூட்டிவந்தோம். மஞ்சள் பையோடு சித்தியும் வந்திருந்தார். அந்தத் துண்டை நான்தான் சீவினேன். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று டாக்டருக்குக் கொடுக்கும் முன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது வழக்கம், அதையும் நான்தான் செய்தேன். சாயம் அருமையாக ஏறியிருந்தது. கண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிறுநீர் ஓடும் நுண்குழல்களைச் சுற்றி நாள்பட்ட அழற்சி, அவற்றின் நடுவே உள்ள இடைத்திசுவில் தழும்பு சுமார் 40 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. காரணம் என்று எதுவும் அதில் இல்லை.

இந்தக் காரணமில்லாத கதை சித்தப்பாவோடு முடிவதில்லை. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் நெல் விவசாயிகளிடம் 1990களிலிருந்து இதே மாதிரி பார்க்கிறார்கள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதே கதை. சர்க்கரை இல்லாமல், பெரிய ரத்த அழுத்தம் இல்லாமல், குழல்களுக்கு நடுவே சத்தமில்லாமல் தழும்பு ஏறுகிறது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது, கிணற்றுத் தண்ணீர், பூச்சிமருந்து என்று பல பேர் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட காரணம் ஒன்று இன்னும் இல்லை.

தழும்பு ஏன் நிற்காமல் வளர்கிறது

கையில் கத்தி பட்டால் தழும்பு விழுந்து, வேலை முடிந்ததும் நின்றுவிடும். சிறுநீரகத்தில் அது நிற்பதில்லை. அடிபட்ட குழல் செல்கள் உதவி கேட்டு வேதிச் செய்திகளை அனுப்புகின்றன. அதில் பெரிய ஆள் டி.ஜி.எஃப். பீட்டா. அதைக் கேட்டு இடைத்திசுவில் உள்ள செல்கள் உருமாறி, கொலாஜனை நூற்றுத் தள்ளும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆகின்றன. நார் இறுக இறுகப் பக்கத்துக் குழலும் அடிபடுகிறது, அதுவும் உதவி கேட்கிறது. சர்க்கரையில் தொடங்கினாலும் கல்லில் தொடங்கினாலும் காரணமே தெரியாமல் தொடங்கினாலும் முடிவில் எல்லா நாள்பட்ட சிறுநீரக நோயும் வந்து சேர்கிற இடம் இந்த நீலம்தான்.

அப்படியானால் டி.ஜி.எஃப். பீட்டாவை நிறுத்திவிட்டால் போதுமே என்று எனக்கும் தோன்றியது. உலகத்துக்கும் முன்பே தோன்றியிருக்கிறது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதைத் தடுக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்து நடத்திய ஒரு சோதனையை, பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2017இல் வெளியானது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தழும்பு போடுவது டி.ஜி.எஃப். பீட்டாவின் ஒரு வேலை மட்டும்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் கடிவாளம் பிடிப்பதும் அதுவே. அந்த மரபணுவே இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் சில வாரங்களில் உடம்பெல்லாம் அழற்சி கண்டு செத்துப்போயின என்பது 1992லேயே தெரிந்த விஷயம். உடம்பு முழுக்க அதை அணைக்க முடியாது. சிறுநீரகத்தில் மட்டும், அதிலும் தழும்பு விழும் இடத்தில் மட்டும் அணைக்க வேண்டும். நானோ துகள் இங்கேதான் கதைக்குள் வருகிறது. மருந்தை ஒரு சின்ன உறையில் போட்டு, முகவரி எழுதி, ரத்தத்தில் விடுவது.

அளவு என்பதே முகவரி

நான் சீவும் மிக மெல்லிய சீவலே 2 மைக்ரான், அதாவது 2,000 நானோமீட்டர். துகள்களோ அதிலும் பல மடங்கு சின்னவை. படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்த அளவு விவகாரம்தான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகிறது. இத்தனை பாய்ச்சல் உள்ள உறுப்புக்கு மருந்தை அனுப்புவது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். நிஜத்தில் துகள் ஐந்தரை நானோமீட்டருக்கும் சின்னதாக இருந்தால் குளோமெருலஸ் என்கிற ரத்த வடிகட்டி வழியே சிறுநீரில் இறங்கி வெளியே போய்விடும். இது 2007இல் அமெரிக்காவில் ஜான் ஃபிராங்கியோனியின் குழு ஒளிரும் குவான்டம் புள்ளிகளை வைத்துக் கண்டது. சரி, பெரிதாக்கினால்? கல்லீரலும் மண்ணீரலும் ரத்தத்தில் மிதக்கும் அந்நியப் பொருளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே செல்களை வைத்திருக்கின்றன. 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற கொழுப்புறை மருந்து வெற்றி பெற்றதற்கு, அது போக வேண்டிய இடமே கல்லீரலாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். இயல்பாகவே போகிற இடத்துக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்கு அந்த வசதி இல்லை.

ஆனாலும் இடைவெளி பார்த்து நுழைந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸ் குழு 2011இல், சுமார் 75 நானோமீட்டர் தங்கத் துகள்கள் குளோமெருலஸுக்குள் இருக்கும் மெசாஞ்சியம் என்ற பகுதியில் போய்த் தங்குவதைக் காட்டியது. அது குளோமெருலஸ் நோய்களுக்கு உதவலாம், சித்தப்பாவின் நோய்க்கு இல்லை. அவருக்கு அடி குழல்களிலும் அவற்றின் நடுவிலும். அந்த இடத்தைத் தொட்டவர்கள் நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டேனியல் ஹெல்லரும் எட்கர் ஜைமஸும் சேர்ந்த குழு. 2015இல் அவர்கள் எலிகளுக்குச் செலுத்தியது சுமார் 400 நானோமீட்டர் துகள். இந்தத் துறையில் அது யானை அளவு. அறுவை சிகிச்சையில் போடுகிற, தானாகக் கரைந்துபோகும் தையல் நூலின் வகைப் பொருளால் செய்தது. அது மற்ற எந்த உறுப்பைவிடவும் ஏழு மடங்கு வரை அதிகமாகச் சிறுநீரகத்தில் சேர்ந்தது. அதுவும் குழல்களின் தொடக்கப் பகுதிச் செல்களில்.

400 நானோமீட்டர் துகள் வடிகட்டி வழியே போக வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படிக் குழலுக்குப் போயிற்று? குழல்களைச் சுற்றி மயிரிழை மாதிரி ஓடுகின்றனவே தந்துகிகள், அவற்றின் சுவர்ச் செல்கள் துகளை விழுங்கி மறுபக்கம் தள்ளியிருக்கும், அதாவது கொல்லைப்புறக் கதவு வழியாகப் போயிருக்கும் என்பது அந்தக் குழுவின் கருத்து. இதைப் படித்த ராத்திரி எனக்கு அவ்வளவு சந்தோஷம். மணி பதினொன்றரை. சித்தப்பா தூங்கியிருப்பார் என்பதால் கூப்பிடவில்லை.

"மேட்டூர்ல தொறந்தா ஆச்சா?"

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நானே ஆரம்பித்தேன். இந்த மாதிரி துகள் சித்தப்பா, ரத்தத்தில் விட்டால் சுற்றி வந்து, குழலுக்குப் பக்கத்தில் ஓடும் சின்ன ரத்தக்குழாய் வழியாகப் பின்பக்கமாக உள்ளே போகும், அங்கே போய்த் தழும்பை நிறுத்தும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்று கேட்டார். "என் கிட்னியில பாதி காஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. காஞ்ச எடத்துல அந்தச் சின்னக் குழாய் இருக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "ஜூன் பன்னெண்டு மேட்டூர் தொறக்குறாங்க. கல்லணை வந்துடுது. நம்ம வாய்க்கால் தூந்து, காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கெடந்தா கடைமடைக்கு எங்க வருது? மேட்டூர்ல தொறந்தா ஆச்சா?" என்றார். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. வருஷா வருஷம் பார்க்கிற ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, பழைய ஸ்லைடு அலமாரியிலிருந்து அவருடைய ட்ரைக்ரோமை டாக்டரிடம் கேட்டு வாங்கி மறுபடியும் வைத்துப் பார்த்தேன். இந்த முறை நீலத்தைப் பார்க்கவில்லை, சிவப்பைத் தேடினேன். தந்துகிக்குள் ரத்தச் சிவப்பணுக்கள் நின்றிருந்தால் குட்டிக் குட்டிச் சிவப்பு மணியாகத் தெரியும். நன்றாக இருந்த பகுதியில் குழலும் குழலும் நெருங்கி நின்றன, நடுச்சந்துகளில் சிவப்பு மணிகள் கோத்த மாதிரி இருந்தன. ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். நீலம் தொடங்குகிற ஓரத்தில் மணிகள் குறைந்தன. நீலத்தின் நடுவில், சுருங்கிப்போன குழல்களுக்கு மத்தியில், ஒரு முழுப் புலம் பார்த்தும் இரண்டோ மூன்றோதான் கிடைத்தன. பதினோரு வருஷமாக இந்தச் சாயத்தைப் போட்டிருக்கிறேன். நீலம் எவ்வளவு என்றே கேட்டுப் பழகியதால், அங்கே எது இல்லாமல் போயிற்று என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் தேடினால், விஷயம் ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தந்துகிகளின் வெளிப்புறத்தில் பெரிசைட் என்று ஒரு வகைச் செல் ஒட்டிக்கொண்டு குழாய் சரியாமல் பிடித்து நிற்கும். 2010இல் பெஞ்சமின் ஹம்ஃப்ரீஸ் குழு எலிகளில் செல்களுக்கு நிறக்குறி வைத்துப் பின்தொடர்ந்தபோது, நாரை நூற்றுத் தள்ளுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பெரிசைட் வழி வந்தவர்கள் என்று தெரிந்தது. மனிதரிலும் இதே கணக்குதானா என்ற விவாதம் இருக்கிறது. ஆனால் அதன் அர்த்தத்தை நினைத்துப் பாருங்கள். கரையைப் பிடித்து நின்றதே பிடியை விட்டுவிட்டு வாய்க்காலைத் தூர்க்கப் போகிறது. தழும்பு ஏறுவதும் தந்துகி அழிவதும் ஒன்றாகவே நடக்கின்றன. முகவரி எவ்வளவு சரியாக எழுதினாலும், எந்தத் தெருவுக்குக் கடிதம் போக வேண்டுமோ அந்தத் தெருவையே நோய் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. நோய் எங்கே முற்றியிருக்கிறதோ அங்கேதான் மருந்து குறைவாகப் போய்ச் சேரும்.

எலிகளுக்கு ஏன் கேட்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இந்த ஆராய்ச்சிகளில் அதிகம் செய்வது, எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டிவிடுவது. ஏழு நாளில், பதினான்கு நாளில் தழும்பு ஏறிவிடும். மருந்தைப் பல நேரம் கட்டிய அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ ஆரம்பித்துவிடுகிறார்கள். வாய்க்கால் தூர்வதற்கு முன்பே தண்ணீர் விடுகிற மாதிரி. சித்தப்பாவுக்கு அந்த முதல் நாள் எப்போது வந்துபோனதென்று யாருக்குத் தெரியும்? கிரியேட்டினின் ஏறிக் காட்டுவதற்குள் சிறுநீரகத்தின் வேலையில் ஏறக்குறைய பாதி போயிருக்கலாம். இந்த வகை நோயில் சிறுநீரில் புரதமும் ஆரம்பத்தில் பெரிதாகத் தெரியாது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டேன். நீங்க கேட்டது சரிதான் சித்தப்பா, காஞ்ச எடத்துல குழாய் இல்ல, இருந்தாலும் ரொம்பக் கம்மி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "காயாத எடத்துக்குப் போவும்ல? தலைமடையாச்சும் காப்பாத்தலாம்ல?" என்றார். போகும். அதைத்தான் நானும் இப்போது நம்புகிறேன். நூறில் நாற்பது நீலம் என்றால் அறுபது இன்னும் சிவப்பு. ஓரத்தில் நீலம் தொடங்குகிற இடத்தில் மணிகள் குறைந்திருந்தாலும் இருக்கின்றன. துகள் மருந்து ஒருநாள் வந்தால் அந்த ஓரத்தில் தன் வேலையைச் செய்யும். குளம் கட்டிய நீலத்தை வடித்து எடுக்கும் என்று செய்தித் தலைப்பு சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போதைக்கு அவருக்குத் தலைமடையைக் காப்பது பிரஷர் மாத்திரையும் டாபாக்ளிஃபுளோசினும்தான். "சர்க்கரையே இல்லாத எனக்கு ஏன் சர்க்கரை மாத்திரை?" என்று முதலில் தகராறு செய்தார். சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது நோயை மெதுவாக்குகிறது என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு அந்த மாத்திரையில் பிடித்த விஷயம் வேறு. அது போய்ப் பிடிக்கும் புரதம் பெரும்பாலும் சிறுநீரகக் குழல்களின் தொடக்கப் பகுதியில் மட்டுமே இருக்கிறது. உறையும் வேண்டாம், நானோவும் வேண்டாம், தானாகவே முகவரி தெரிந்த மருந்து. காப்புரிமை முடிந்து இங்கேயே பல கம்பெனிகள் செய்வதால் விலையும் இறங்கிவிட்டது.

தம்பிக்கு 31 வயது. அப்பாவோடு அதே வயலில், அதே வெயிலில், அதே போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கிறான். நானோ செய்தியை அனுப்பியவன் அவன்தான், ஆனால் ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை. "எனக்கு என்னக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்று மாதம் இழுத்தான். துகள் மருந்து வருகிற காலத்தில் அதனால் முழுப் பலன் பெறப்போவது நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்கிற வயதில் உள்ளவர்கள்தான் என்று அவனிடம் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. போன மாதம் சித்தப்பா பரிசோதனைக்கு வந்தபோது கையோடு அவனையும் அழைத்து வந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற நாற்காலியில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சித்தப்பா அவன் சட்டைக் கையை மடித்துவிட்டார். கிரியேட்டினின் 0.9. சிறுநீரிலும் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா அந்தத் தேதியை என்னிடம் கேட்டு, பூச்சிமருந்துக் கடை கொடுத்த காலண்டரில், மேட்டூர் திறக்கிற தேதி போட்டிருந்த பக்கத்துக்குப் பின்னாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.